மைனர் என்ஜின் ‘ஃபுல் செற்’: பிஸ்ரனை வாங்கலாம், கஸ்கற்றை நம்ப வேண்டாம்

மொரிஸ் மைனர் என்ஜினைப் பிரித்துச் செய்ய வேண்டும் என்று உதிரிப்பாகக் கடையில் வாய் திறந்தால், இப்போது முதலில் மேசைக்கு வருவது ‘ஃபுல் செற்’ என்ற காட்போட் பெட்டிதான். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரும், யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கமும் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள். பெட்டியில் கொம்பனிப் பெயர் கிடையாது. ‘மைனர் 1000’ என்று ஒரு வரி, பிஸ்ரன் சைஸ் ஒரு வரி. உள்ளே நான்கு பிஸ்ரன், பிஸ்ரனைக் கனெக்டிங் ரொட்டோடு இணைக்கும் பின், ரிங், கிராங் ஷாப்ற்றைத் தாங்கும் மெயின் பெயாரிங் மூன்று சோடி, ரொட்டின் அடிமுனையில் வரும் பிக் எண்ட் பெயாரிங் நான்கு சோடி, த்ரஸ்ட் வோஷர், கசிவைத் தடுக்கும் மேல் கீழ் கஸ்கற், ஒயில் பம்ப், டைமிங் செயின், எட்டு வால்வ், கேம் தள்ளும் டப்பெற் எட்டு.

பாதிப் பெட்டி நல்ல சாமான். கால் பெட்டி அளந்து பார்த்துப் போட வேண்டியது. மிச்சத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் செய்த என்ஜின் எத்தனை வருசம் ஓடும் என்பதை இந்தப் பெட்டி தீர்மானிப்பதில்லை, லேத் கடைதான் தீர்மானிக்கிறது. பெட்டிக்குக் கொடுக்கும் காசை யோசித்துக் கொடுப்பவர்கள் லேத் வேலையை மட்டும் ‘எங்கே மலிவு’ என்று தேடுவது தலைகீழ்க் கணக்கு. அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

வாங்கும் முன் என்ஜினைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘மைனர் 1000’ என்ற ஒரே பெயரில் இரண்டு என்ஜின்கள் வந்தன. 1956 இல் 948 சி.சி., 1962 இல் அதற்குப் பதிலாக 1098 சி.சி. முதலாவதின் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 62.9 மி.மீ., ஸ்ரோக் (பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம்) 76.2. இரண்டாவதின் போர் 64.6, ஸ்ரோக் 83.7. பிஸ்ரன் மாறிப் போடவே முடியாது. பின்னைப் பிடிக்கும் முறையும் வேறு: 948 இல் கனெக்டிங் ரொட்டின் சின்ன முனையில் ஒரு போல்ற் பின்னை இறுக்கிப் பிடிக்கும். 1098 இல் புஷ் இருக்கும், பின் அதற்குள் சுழலும், இரண்டு பக்கமும் சேர்க்கிளிப் வரும். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்டுதான்’ என்று சொன்னால் பெட்டியைத் திறந்து பின்னைப் பாருங்கள். பின்னின் நடுவில் பள்ளம் வெட்டியிருந்தால் 948. பிஸ்ரனில் சேர்க்கிளிப் காடி இருந்தால் 1098.

என்ஜின் இலக்கம் பிளொக்கின் வலப்பக்கம், டைனமோ பிறக்கற்றுக்கு மேலே இருக்கும். 9M என்று தொடங்கினால் 948, 10MA என்றால் 1098. ஆனால் எங்கள் ஊரில் ஒரு காரின் என்ஜின் இன்னொரு காரில் ஏறி, தகடு மட்டும் பழையபடி இருப்பது சர்வசாதாரணம். வாகனப் புத்தகத்தையும் நம்ப வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, பிஸ்ரனை அடிமட்டத்துக்கு இறக்கி, மேல் கீழ் வித்தியாசத்தை அளந்தால் 3 அங்குலமா 3.3 அங்குலமா என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பெட்டி வாங்குங்கள்.

தொண்ணூறுகளில், பெற்றோல் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பிளொக் என்றால் கணக்கே வேறு. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய என்ஜின்கள் அவை. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. ஆவியாகாதது சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் (அடியில் உள்ள ஒயில் தொட்டிக்குள்) இறங்கும், அங்கே ஒயிலை மெலிதாக்கும். அதனால் தேய்வு இரண்டு இடத்திலும் விழும்: போரின் மேற்பகுதியில் நகம் தடக்கும் அளவுக்கு விளிம்பு, அடியில் பிக் எண்டில் தட்டுச் சத்தம். ரிங் காடிகள் கரி பிடித்து இறுகிக் கிடக்கும். பிறகு பெற்றோலுக்கு மாறியும் அந்தத் தேய்வு அப்படியே உள்ளேதான் இருக்கிறது.

ஆகவே விளிம்புக்குச் சற்றுக் கீழே, காரின் குறுக்காக (தேய்வு அந்தத் திசையில்தான் கூட) ஒரு அளவும், போரின் அடியில் ஒரு அளவும் எடுங்கள். வித்தியாசம் 6 முதல் 8 தௌ வரை போயிருந்தால் ரிங் மட்டும் மாற்றுவது காசை எரிப்பது. தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இந்த என்ஜினில் எல்லாப் பேச்சும் அதில்தான். பிஸ்ரன் +10, +20, +30, +40 என்று வரும். ஏற்கெனவே +40 இல் உள்ள பிளொக்குக்கு ஸ்லீவ் அடித்து ஸ்ரான்டர்ட் பிஸ்ரன் போடுவதுதான் பாதுகாப்பான வழி. +20 பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பிளொக்கை அளப்பவர்கள்தான் கடையில் பிறகு சண்டை பிடிக்கிறார்கள்.

இன்னொன்று தண்ணீர். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் படிவது பிளொக்கின் தண்ணீர்ப் பாதையிலும் படியும், அதிலும் 4ஆம் சிலிண்டரின் பின்பக்கம் கட்டி கட்டியாக. கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்து, கம்பியால் கிளறி, தண்ணீர் அடித்துக் கழுவாமல் பிளொக்கை லேத் கடைக்குக் கொண்டு போக வேண்டாம். வடிகுழாய் அடைத்திருந்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. புது என்ஜினுக்கு காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும், முடியாவிட்டால் மழைத்தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

லேத் கடை

யாழ்ப்பாணத்து லேத் கடைகளின் கைவேலை நல்லது. லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்), நீரிறைக்கும் மெசின், லொறி, மீன்பிடி வள்ள என்ஜின் என்று நாள் முழுக்க வெட்டுபவர்கள். குறை கையில் இல்லை, பழக்கத்தில். அந்த என்ஜின்களுக்குப் போதுமான அளவுச் சுத்தம் இந்தச் சின்ன என்ஜினுக்குப் போதாது. மூன்று விசயத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

ஒன்று, பிஸ்ரன் இல்லாமல் போர் வெட்டக் கூடாது. ‘20 தௌதானே தம்பி, வெட்டி வைக்கிறன், பிறகு வாங்கோ’ என்பார்கள். வேண்டாம். பெட்டியில் +20 என்று போட்டிருந்தாலும் பிஸ்ரன் ஒவ்வொன்றும் நூலளவு வித்தியாசமாக இருக்கும். நான்கையும் பின்னுக்குச் செங்குத்தாக, பாவாடையின் அடியில் மைக்ரோமீற்றரால் அளந்து, 1 முதல் 4 வரை இலக்கம் போட்டுக் கொடுங்கள். அந்த அந்தப் போரை அந்த அந்தப் பிஸ்ரனுக்கு வெட்டச் சொல்லுங்கள். இடைவெளி எவ்வளவு என்று பிஸ்ரனோடு வரும் துண்டில் இருந்தால் அதுதான் சட்டம். துண்டு இல்லாத வார்ப்புப் பிஸ்ரனுக்கு இந்தப் போரில் 2 தௌ அளவு வைத்தால் இறுகாது, சத்தமும் போடாது. எங்கள் வெயிலுக்கு 1 தௌ வைத்து ‘ரைற்றாக’ வெட்டுவது திறமை இல்லை. ஆனையிறவு தாண்டும் முன்பே பிஸ்ரன் பிடிக்கும்.

வெட்டிய பிறகு ஹோன் பண்ணி (சுழலும் கல்லால் தேய்த்து) 45 பாகைக்குக் குறுக்குக் கோடு வர வேண்டும். போரின் மேல் விளிம்பைக் கொஞ்சம் சரித்து விட வேண்டும், இல்லாவிட்டால் ரிங் இறங்கும்போது உடையும். ஹோன் கல்லின் தூள் போகச் சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் தூரிகையும்தான் வேண்டும். மண்ணெண்ணெயால் கழுவினால் தூள் கோடுகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும் வரை. காய்ந்த உடனே ஒயில் பூசுங்கள். உப்புக்காற்றில் வெறும் வார்ப்பிரும்பு ஒரு இரவிலேயே செம்மை பிடிக்கும்.

இரண்டு, கிராங்கின் மூலை. இது பெரிய விசயம். கிராங் அரைக்கும்போது ஜேர்னல் (பெயாரிங்குக்குள் சுழலும் பகுதி) முடிந்து வெப் (ஜேர்னல்களை இணைக்கும் கை) தொடங்கும் இடத்தில் வட்டமான வளைவு இருக்க வேண்டும். கல்லின் ஓரத்தைச் சீவாமல் அரைத்தால் அந்த இடம் கூரான மூலையாக மாறும், வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். 948 கிராங் ஸ்ரோக் குறைவு, மன்னிக்கும். 1098 மன்னிக்காது. ஸ்ரோக்கைக் கூட்டினார்கள், மெயின் ஜேர்னலை அதே 1¾ அங்குலத்தில் விட்டார்கள், மூன்றே மெயின் பெயாரிங். அதிக சுற்றில் கிராங் வளையும். கூரான மூலையோடு 1098 ஐ விரட்டுவது கிராங்கை உடைக்கும் வழி. அரைத்து வந்ததும் பெருவிரல் நகத்தை அந்த மூலையில் ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கி ஏற வேண்டும், இடறி நிற்கக் கூடாது.

அளவு: பிக் எண்ட் ஸ்ரான்டர்ட் 1.6254 முதல் 1.6259 அங்குலம். 10 தௌ அரைத்தால் 1.6154க்கும் 1.6159க்கும் இடையில் இருக்க வேண்டும், நீள்வட்டம் இல்லாமல். மெயின் ஸ்ரான்டர்ட் 1.7505 முதல் 1.7510. அரைத்த பிறகு ஒயில் துளைகளுக்குள் தூரிகை விட்டு, எயார் அடித்து, திரும்பவும் விடுங்கள். அரைத்த தூள் ஒளிந்திருப்பது அங்கேதான்.

மூன்று, ஹெட். தட்டைத்தன்மை பார்த்து, தேவைக்கு மட்டும் தோல் சீவச் சொல்லுங்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நின்றது. ஈயம் இல்லாத பெற்றோலில் எக்ஸோஸ்ற் வால்வ் சீற் கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதையும், டப்பெற் இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே போகும். ஹெட் லேத்தில் இருக்கும்போதே நான்கு எக்ஸோஸ்ற்றுக்கும் கடினமான சீற் வளையம் அடித்துவிடுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு இது இல்லாமலும் வருசக்கணக்கில் சமாளிக்கலாம், A9 வீதியில் அடிக்கடி கொழும்பு போகிறவர் தப்ப முடியாது.

பெட்டிக்குள் இருப்பவை

பிஸ்ரன்: நல்லது. இந்த விலைக்கு எதிர்பார்த்ததைவிட நல்லது என்றே சொல்ல வேண்டும். தராசில் வைத்துப் பாருங்கள். நான்குக்கும் இடையில் 3 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கனமானதன் உட்பக்கத் திரட்டில் கொஞ்சம் அரத்தால் எடுத்துச் சமப்படுத்தலாம். பின்னைக் கையால் தள்ளினால் இறுக்கமாக, ஆனால் ஒரே சீராகப் போக வேண்டும். 948 காரர்கள் ரொட்டின் பின் போல்ற்றையும் அதன் வோஷரையும் புதிதாகப் போடுங்கள், அது பெட்டியில் வராது. அந்தப் போல்ற் தளர்ந்தால் பின் பக்கவாட்டில் நகர்ந்து போரில் கால்வாய் வெட்டும், பிளொக் போனது போனதுதான்.

ரிங்: இரும்பு நல்லது, இடைவெளி நம்ப முடியாது. ஒவ்வொரு ரிங்கையும் அதன் போருக்குள் வைத்து, பிஸ்ரனால் ஒரு அங்குலம் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் அளவுங்கள். 7 முதல் 11 தௌ வேண்டும். பெட்டியில் வரும் ரிங்குகள் பெரும்பாலும் 4, 5 தௌவில் நிற்கின்றன. அப்படியே போட்டால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, ரிங் வெளியே தள்ளி, போரைக் கீறும். சின்ன அரத்தால் ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்ளே, நேராகத் தேயுங்கள். மூன்று துண்டாக வரும் ஒயில் ரிங்கில் நடுச் சுருளின் முனைகள் முட்டி நிற்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. புது என்ஜின் நீலப் புகை விடுவதற்கு நாங்கள் பார்த்த காரணங்களில் இதுவே முதலாவது. ஆட்கள் இதைத் தேடாமல் வால்வ் கைட்டைத் திரும்பத் திரும்ப மாற்றுவார்கள்.

பெயாரிங்: சரி. ஆனால் முதுகில் அடித்திருக்கும் அளவைப் பாருங்கள். பெட்டியில் 010 என்று எழுதி உள்ளே 020 வந்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஒவ்வொரு ஜேர்னலிலும் பிளாஸ்ரிகேஜ் நூல் வைத்து, டோர்க் பண்ணி (டோர்க் ஸ்பனரால் அளவாக இறுக்கி), கழற்றி, நசுங்கிய அகலத்தைப் பாருங்கள். பிக் எண்டில் 1 முதல் 2.5 தௌ. இறுக்கும் அளவு மெயினுக்கு 60 இறாத்தல் அடி, பிக் எண்டுக்கு 35. இந்த ரொட்டுகள் சரிவாகப் பிளந்தவை, மூடி ஒரே பக்கமாகத்தான் சரியாகப் பொருந்தும். கழற்றும் முன்பே இலக்கம் குத்தி வையுங்கள். பூட்டுத் தகட்டையும் புதிதாகப் போடுங்கள்.

த்ரஸ்ட் வோஷர் நடு மெயினின் இரண்டு பக்கமும் வரும், ஒயில் காடி கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டவர்கள் உண்டு, கிளச் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்கைத் தின்னும். முன்பின் ஆட்டம் 2 முதல் 3 தௌ. பெட்டியில் உள்ளவை கொஞ்சம் தடிப்பாக வந்தால் முதுகுப் பக்கத்தை கண்ணாடியில் எமறி பேப்பர் விரித்துத் தேய்த்து இறக்கலாம்.

ஒயில் பம்ப்: பார்த்து. முதலில் கேம் ஷாப்ற்றின் பின்முனையைப் பாருங்கள், இந்தக் குடும்ப என்ஜின்களில் பம்பை ஓட்டும் முறை ஒன்றல்ல. ஒரு முறைக் கேமுக்கு இன்னொரு முறைப் பம்ப் பொருந்தாது. பொருந்தினால் மூடியைத் திறந்து அளவுங்கள்: ரோட்டரின் மேல் இடைவெளி 5 தௌ, இரண்டு ரோட்டருக்கும் இடையில் 6, வெளி ரோட்டருக்கும் உடலுக்கும் இடையில் 10. இவைதான் உச்சம். புது பம்ப் இதற்கு மிகவும் கீழே நிற்க வேண்டும். பழைய பம்ப் இந்த அளவுக்குள் இருந்தால் பழையதையே போடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கஸ்கற்றைப் போடும்போது இரண்டு துளையும் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு துளை மறைந்தால் ஒயில் பிறஷர் எழும்பாது, பம்பை மாட்டிய பிறகு பிளைவீல், பின் தகடு எல்லாம் கழற்றித்தான் திரும்பப் பார்க்க முடியும்.

டைமிங் செயின் பரவாயில்லை. ஆனால் கேம் ஸ்புறொக்கற்றில் வரும் இரண்டு றப்பர் வளையங்கள் பெட்டியில் இல்லை, அவைதான் செயினின் சத்தத்தை அடக்குபவை. தனியாக வாங்குங்கள். இரண்டு ஸ்புறொக்கற்றும் ஒரே நேர்கோட்டில் வர கிராங் பக்க ஷிம்மை சரிபாருங்கள், புள்ளியும் புள்ளியும் எதிர் எதிரே. செலவழிக்க மனமுள்ளவர்கள் 1275 கூப்பர் எஸ் காரின் இரட்டைச் செயினைப் போடலாம். முன் தகட்டின் இரண்டு போல்ற்றுக்குப் பதிலாகத் தலை அமிழும் ஸ்குறூ போட வேண்டி வரும், அவ்வளவுதான்.

டப்பெற்: எடுக்க வேண்டாம். இரும்பு மென்மை. ஒரு டப்பெற்றின் முகத்தில் நல்ல அரத்தை ஓட்டினால் அரம் வழுக்க வேண்டும், இது பிடிக்கிறது. மென்மையான டப்பெற் கேமையும் சேர்த்தே தின்னும். பழைய கேமும் பழைய டப்பெற்றும் முகம் தேயாமல் இருந்தால், எந்த டப்பெற் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் திரும்பப் போடுங்கள். மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்து, பெயருள்ள இடத்திலிருந்து வாங்குங்கள்.

வால்வ் எட்டும் பயன்படும். இந்த என்ஜினில் ஒயிலைத் தடுப்பது கொட்டருக்குக் (வால்வின் பூட்டுத் துண்டுக்குக்) கீழே வரும் சின்ன றப்பர் வளையம் ஒன்றுதான். வால்வ் ஸ்பிறிங்கை அமுக்கி வைத்துக்கொண்டு அதைப் போட வேண்டும், ஸ்பிறிங்கை விட்ட பிறகு திணித்தால் அறுந்துவிடும்.

கஸ்கற்: பெட்டியின் மிக மோசமான பகுதி. ஹெட் கஸ்கற்றின் நெருப்பு வளையம் நடு இரண்டு சிலிண்டருக்கும் இடையில் ஒழுங்காக மடியவில்லை. இந்த ஹெட்டில் 2, 3 இரண்டினதும் எக்ஸோஸ்ற் ஒரே வழியால் வெளியேறுவது, சூடு கூடிய இடம் அதுதான், கஸ்கற் முதலில் போவதும் அங்கேதான். நல்ல கஸ்கற் ஒன்றுக்குத் தனியாகக் காசு கொடுங்கள். ‘FRONT’, ‘TOP’ என்று அடித்திருக்கும், அதன்படி போடுங்கள். டப்பெற் மூடிகளின் கோர்க் துண்டுகளும் காய்ந்து வந்திருந்தன, மடித்தால் முறிகிறது. அந்த மூடிகளில் ஒயில் கசியும் என்று இறுக்கி இறுக்கி, மூடியே வளைந்து இன்னும் கசியும். மூடியைத் தட்டையாக்கி, நல்ல கோர்க் போட்டு, அளவாக இறுக்க வேண்டியதுதான். சம்பின் முன்பின் வளைவில் வரும் கோர்க் பட்டி விளிம்புக்கு மேல் கொஞ்சம் நீட்டி நிற்க வேண்டும், அரிந்து சமப்படுத்தக் கூடாது.

பின்பக்க ஒயில் கசிவுக்கு எந்தப் பெட்டியிலும் மருந்து இல்லை. இந்த என்ஜினில் பின் மெயினில் றப்பர் சீல் கிடையாது, கிராங்கில் வெட்டிய திருகுக் காடி ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். கிராங்கேஸ் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் ஒயில் அந்தப் பக்கத்தால் தள்ளப்படும். பிறீதர் குழாயைச் சுத்தம் பண்ணுங்கள். கிளச் ஹவுசிங்கில் தொங்கும் கொட்டர் பின் துவாரத்தால் ஒன்றிரண்டு துளி சொட்டினால் அது நோய் இல்லை.

ஹெட்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் இடையில் உள்ள குட்டி பைபாஸ் ஹோஸ் பெட்டியில் வராது, ஆனால் ஹெட் கழன்றிருக்கும் இந்த நேரம்தான் அதை மாற்றும் நேரம். பிறகு மாற்ற முயல்பவர் விரல் தோலை இழப்பார்.

கொஞ்சம் ஓட்டம் கூட்டலாமா

பெட்டியோடு சேர்த்து ‘பெரிய ஹெட் போட்டா பறக்கும்’ என்று 12G295 ஹெட்டை விற்கப் பார்ப்பார்கள். எம்ஜி 1100, 998 கூப்பர் காரில் வந்த ஹெட், இன்லெற் வால்வ் 1.22 அங்குலம். நல்ல ஹெட்தான், ஆனால் அதன் எரி அறை 28.3 சி.சி. 948 இன் பழைய ஹெட் 24.5 அளவு. ஒரு சிலிண்டர் 237 சி.சி., கொம்பிறஷன் (அமுக்க விகிதம்) 8.3 என்றால் மேலே மொத்தம் 32.5 சி.சி. இடம் இருக்கிறது. ஹெட்டை மாற்றினால் அது 36.3 ஆகும், கொம்பிறஷன் 7.5க்கு விழும். பெரிய வால்வால் வந்த லாபம் அங்கேயே போய்விடும். சீவாமல் போட்டுவிட்டு ‘முன்னைவிட இழுக்கேல்லை’ என்று சொல்பவர்களின் காரில் நடந்தது இதுதான்.

1098 இல் நிலைமை நல்லது. அதன் சொந்த ஹெட் 26.1 சி.சி., மாற்றினால் 8.5 இலிருந்து 8.1 அளவுக்குத்தான் இறங்கும். கொஞ்சம் சீவினால் திரும்பி வரும். எவ்வளவு சீவுவது என்பதை ஊகிக்க வேண்டாம். பிளக் போட்ட ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட கண்ணாடித் துண்டைக் கிறீஸ் தடவி ஒட்டி, ஊசிச் சிறிஞ்சால் தண்ணீர் விட்டு அறையை அளவுங்கள். நான்கும் ஒரே அளவாக வரும் வரை சின்னதை அரைத்துப் பெரிதாக்கி, பிறகு சீவுங்கள். 9க்கு மேல் போக வேண்டாம். 92 ஒக்ரேன் பெற்றோலும் மத்தியான வெயிலும் சேர்ந்தால் மேட்டில் ஏறும்போது தட்டும். 12G940 என்ற இன்னும் பெரிய ஹெட்டைச் சொல்வார்கள், அது 1275க்குச் செய்தது. இந்தச் சின்னப் போரில் எக்ஸோஸ்ற் வால்வ் பிளொக்கில் முட்டும்.

காபரேற்றர் 1¼ அங்குல எஸ்.யு. அந்த ஹெட்டோடு 1½ அங்குல எச்.எஸ்.4 போட்டால்தான் ஹெட்டுக்கு அர்த்தம், ஊசியும் அதற்கேற்ப மாற வேண்டும். பழைய காபரேற்றரின் திறொட்டில் ஸ்பிண்டில் ஆடினால் காற்று இழுக்கும், ஐட்லிங் ஒருபோதும் நிற்காது. பெரியது வாங்கும் முன் அதைச் சரிபண்ணிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும்.

எங்கள் பார்வையில் மைனருக்கு முதலில் போட வேண்டிய காசு பிறேக்குக்குத்தான். 948 காரின் முன் ட்றம் 7 அங்குலம், 1098 இல் 8. ஓட்டம் கூட்ட ஆசைப்படுபவர் அதை முதலில் மாற்றட்டும். தரைமட்டமான ஊர் எங்களுடையது. 948 காரில் வரும் 4.55 டிஃபரன்ஷலை 1098 இன் 4.22 ஆக மாற்றினாலே A9 இல் என்ஜின் கத்துவது குறையும், ஹெட்டில் கைவைக்கத் தேவையில்லை.

பூட்டி முதல் ஸ்ரார்ட்

ஹெட் நட் ஒன்பதையும் நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக 40 இறாத்தல் அடிக்குக் கொண்டு போங்கள். அதில் நான்கு ரொக்கர் கால்களுக்குள்ளால் வருபவை, அதனால் பிறகு ரொக்கரை மட்டும் கழற்றுவதென்றாலும் ரேடியேற்றரை வடித்து ஒன்பதையும் தளர்த்த வேண்டும். இதைத் தெரியாமல் நான்கை மட்டும் கழற்றி ஹெட்டை வளைத்த கதைகள் எங்கும் உண்டு. ரொக்கரின் சின்ன நட்டுகள் 25. டப்பெற் இடைவெளி 12 தௌ. பொயின்ற் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ. வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2.

பம்பை மாட்டும் முன் உள்ளே ஒயில் ஊற்றிச் சுழற்றியிருக்க வேண்டும். 20W-50, அதுவும் இந்தத் தட்டை டப்பெற் என்ஜின்களுக்கு ஏற்ற சிங்க் கலவை உள்ளது. இப்போதைய கார்களுக்கான மெல்லிய ஒயில் விலை கூடியது என்பதற்காக நல்லது ஆகாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் பிறஷர் காட்டும் வரை ஸ்ரார்ட்டரால் சுற்றுங்கள். பிறகு பிளக் போட்டு ஸ்ரார்ட். கேமும் டப்பெற்றும் புதிது என்றால் ஐட்லிங்கில் விடாதீர்கள், 2,000 சுற்றில் 20 நிமிடம் வைத்திருங்கள். ஐட்லிங்கில் கேமுக்கு ஒயில் தெறிப்பது போதாது. சூடான பிறகு ஓட்டத்தில் 60 இறாத்தல், ஐட்லிங்கில் 15 அளவு பிறஷர் வந்தால் உள்வேலை சரி.

தேர்மொஸ்ரற்றைக் கழற்றி எறியும் பழக்கம் எங்கள் கராச்களில் இருக்கிறது. எறியாதீர்கள். 74 பாகை தேர்மொஸ்ரற் போடுங்கள். அது இல்லாமல் என்ஜின் வேலைச் சூட்டுக்கு வர நேரமெடுக்கும், அதுவரை பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கும், மண்ணெண்ணெய்க் காலத்துத் தேய்வு வேறு வழியால் திரும்பி வரும். கார் கொதிக்கிறது என்றால் குற்றவாளி ரேடியேற்றரில் உள்ள சுண்ணாம்பு.

முதல் 500 கிலோமீற்றரில் ஹெட்டை ஆறிய நிலையில் திரும்ப டோர்க் பண்ணி, டப்பெற் பார்த்து, ஒயிலும் பில்ரரும் மாற்றுங்கள். வடித்த ஒயிலை வெள்ளைத் துணியால் வடிகட்டிப் பாருங்கள். மினுமினுக்கும் சாம்பல் தூள் கொஞ்சம் வரும், அது ரிங் பதிவது. செம்பு நிறத் துகள் வந்தால் அது பெயாரிங், சம்பைக் கழற்ற வேண்டியதுதான்.

ஒஸ்ரின் A40 சொமர்செற், கேம்பிறிட்ஜ் வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள்: இந்தப் பெட்டியில் ஒரு நட்டும் உங்களுக்குப் பொருந்தாது. A40 சொமர்செற் 1200 சி.சி., கேம்பிறிட்ஜ் A55 1489 சி.சி., வேறு குடும்பம். லேத் கடையில் பேச வேண்டிய மூன்று விசயத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.